வெப் டிசைன் தொடங்குபவருக்கு: எதை முதலில் கற்பது, எந்தக் கருவியை எடுப்பது

வெப் டிசைன் கற்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ணணும்?" என்றுதான். நான் பதிலுக்கு, "யாருக்கு வெப்சைட் செய்யப்போறீங்க?" என்று கேட்பேன். இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் சாஃப்ட்வேர் கேள்வி பாதி தீர்ந்துவிடும். நான் கற்கத் தொடங்கிய காலத்தில் முதல் இரண்டு மாதம் முழுக்க இன்ஸ்டால் செய்வதிலும், எது சிறந்தது என்று வீடியோ பார்ப்பதிலும் போனது. அந்த இரண்டு மாதத்தில் ஒரு பக்கம்கூட நான் செய்யவில்லை. அந்த நேரம் உங்களுக்குப் போகக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு சின்ன வரலாறு சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் கருவிகள் வந்து போய்க்கொண்டே இருக்கும். ஒருகாலத்தில் வெப் டிசைன் கிளாஸ் என்றாலே மைக்ரோசாஃப்ட் ஃப்ரண்ட்பேஜ்தான். 2006இல் அதை மைக்ரோசாஃப்டே கைவிட்டது. ஃப்ளாஷ் தெரிந்தால் வேலை நிச்சயம் என்ற காலம் இருந்தது. 2020 டிசம்பர் 31உடன் ஃப்ளாஷுக்கு ஆதரவு நின்றுபோனது. டிசைன் வரையும் அடோபி எக்ஸ்டியைத் தனியாக விற்பதை 2023இல் அடோபி நிறுத்தியது, அதைப் பழகியவர்கள் வேறு கருவி தேட வேண்டி வந்தது. ஆனால் டிம் பெர்னர்ஸ்-லீ சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் எழுதி 1991இல் வெளியே தெரியவந்த முதல் இணையப் பக்கம், இன்றைய போன் பிரவுசரிலும் ஒழுங்காகத் திறக்கிறது. அது வெறும் எச்டிஎம்எல், அதாவது எது தலைப்பு, எது பத்தி என்று பிரவுசருக்குச் சொல்லும் மொழி. அதனால் மொழியைக் கற்பதில் போடும் நேரம் எங்கேயும் போகாது. கருவியைத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு கடையைப் பிடியுங்கள்

கற்பனையான கம்பெனிக்குப் பக்கம் செய்யாதீர்கள். தெரிந்த ஒருவருக்குச் செய்யுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன்: உங்கள் தெருவில் ஓர் அக்கா வைத்திருக்கும் பிளவுஸ் தையல் கடை. ஆரி ஒர்க்கும் செய்து தருகிறார். வாடிக்கையாளர்கள் தினமும் போன் செய்து ஒரே நான்கு கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்: லைனிங் பிளவுஸுக்கு எவ்வளவு, எத்தனை நாளில் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா, கடை எங்கே இருக்கிறது.

இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்லும் ஒரே ஒரு பக்கம் செய்ய வேண்டும். அவ்வளவுதான் முதல் வேலை. பார்க்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் தலைப்பு, பத்தி, விலைப்பட்டியல், படங்கள், போன் நம்பர், மேப் லிங்க் என்று ஆரம்பநிலையில் கற்க வேண்டியது எல்லாமே இதற்குள் இருக்கிறது.

கடைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். போனில் அக்கா என்ன பதில் சொல்கிறார் என்று கேட்டு, அவர் சொற்களிலேயே நோட்டில் எழுதுங்கள். "ரெண்டு நாள்ல ரெடி ஆயிடும், கல்யாண சீசன்னா ஒரு வாரம்" என்று அவர் சொல்வது, "விரைவான சேவை எங்கள் சிறப்பு" என்று நீங்கள் யோசித்து எழுதும் வாசகத்தைவிட நூறு மடங்கு பயனுள்ளது. டிசைனில் பாதி வேலை இப்படிக் கேட்டு எழுதுவதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் அதே நோட்டில் போன் திரை அளவுக்கு ஒரு கட்டம் போட்டு, எது மேலே வர வேண்டும், எது கீழே என்று பென்சிலால் வரையுங்கள். மூன்று நான்கு விதமாக வரைந்து அக்காவிடமே காட்டுங்கள். "போன் நம்பர் இவ்ளோ கீழ இருந்தா யாரு பாப்பா?" என்று அவரே சொல்லிவிடுவார்.

கருவிகள்: இவ்வளவு போதும்

லேப்டாப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. 8 ஜிபி ரேம் இருக்கும் பழைய மெஷின் தாராளமாகப் போதும். 4 ஜிபியிலும் தொடங்கலாம், ஒரே நேரத்தில் நிறைய டேப் திறந்து வைக்காமல் இருந்தால் சரி.

கோட் எழுத விஎஸ் கோட். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருகிறது. அதில் லைவ் சர்வர் என்ற எக்ஸ்டென்ஷன் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேவ் செய்தவுடன் பிரவுசரில் பக்கம் தானாகப் புதுப்பிக்கும். இருபது எக்ஸ்டென்ஷன்களைப் பரிந்துரைக்கும் வீடியோக்கள் நிறைய உண்டு, இப்போதைக்கு அவை வேண்டாம்.

பிரவுசருக்கு குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எஃப்12 பட்டனை அழுத்தினால் திறக்கும் டெவலப்பர் டூல்ஸ்தான் தொடங்குபவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய ஆசிரியர். எந்த வெப்சைட்டிலும் ஒரு தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுத்தால், அது என்ன டேக் (தலைப்பா, பத்தியா என்று பிரவுசருக்குச் சொல்லும் எச்டிஎம்எல் குறி), எவ்வளவு எழுத்தளவு, எவ்வளவு இடைவெளி என்று எல்லாவற்றையும் காட்டும். மதிப்புகளை மாற்றிப் பார்க்கலாம். பக்கத்தைப் புதுப்பித்தால் பழையபடி ஆகிவிடும், எதுவும் கெட்டுப்போகாது. தினமும் பிடித்த ஒரு பக்கத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். பழைய ரேடியோவைக் கழற்றிப் பார்த்துத் தொழில் கற்றவர்கள் மாதிரிதான் இதுவும்.

படங்களைச் சரிசெய்ய போட்டோபீ, ஸ்குவூஷ் இரண்டும் பிரவுசரிலேயே ஓடும், காசு இல்லை. இதோடு கருவிப் பட்டியல் முடிந்தது. பாடம் படிக்க மொசில்லாவின் எம்டிஎன் தளமும், வரிசையாகப் பயிற்சி செய்ய ஃப்ரீகோட்கேம்ப்பும் போதும். இரண்டும் இலவசம். ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் கோர்ஸில் சேர்வதற்கு முன் இந்த இரண்டில் ஒரு மாதம் உட்கார்ந்து பாருங்கள்.

எச்டிஎம்எல்: இரண்டு வாரம்

நோட்டில் எழுதியதை ஒரு கோப்பில் ஏற்றுவதுதான் இந்தப் படி. அழகு பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். ஒவ்வொரு துண்டையும் பார்த்து, "இது என்ன?" என்று மட்டும் கேளுங்கள். கடையின் பெயர் முதன்மைத் தலைப்பு, அதாவது எச்1. "தையல் கூலி", "கடை நேரம்" ஆகியவை எச்2. விலைகள் டேபிள். போன் நம்பர் என்பது டெல் என்று தொடங்கும் லிங்க். தொட்டவுடன் போன் போக வேண்டும். நிறையப் பேர் நம்பரை படத்துக்குள் எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் தொட்டு அழைக்கவும் முடியாது, காப்பி செய்யவும் முடியாது.

சுமார் இருபது டேக் தெரிந்தால் இந்தப் பக்கத்தை முடித்துவிடலாம். ஆனால் சரியான டேக்கைச் சரியான இடத்தில் போடுவது முக்கியம். பெரிய எழுத்தாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எச்1 போடுவது, எல்லாவற்றையும் டிவ் என்ற வெறும் பெட்டி டேக்காகவே எழுதுவது ஆகிய இரண்டும் ஆரம்பத்தில் ஒட்டிக்கொண்டால் பின்னால் விடுவது கடினம். பார்வையற்ற ஒருவர், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரில் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித்தான் பக்கத்தைப் படிப்பார். தலைப்பு டேக் இல்லாத பக்கம் அவருக்குக் கதவில்லாத வீடு. படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஆல்ட் வாசகம் எழுதுவதும் அவருக்காகத்தான்: "பச்சைப் பட்டு பிளவுஸ், கையில் மயில் ஆரி வேலை" என்று எழுதுங்கள், "படம் 1" என்று எழுதாதீர்கள்.

பக்கத்தின் தொடக்கத்தில் மூன்று விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும். எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்ற வரி. இது இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரியலாம். திரை அகலத்துக்கு ஏற்ப நடந்துகொள்ளச் சொல்லும் வியூபோர்ட் வரி. இது இல்லாவிட்டால் போனில் பக்கம் எறும்பு அளவில் தெரியும். மூன்றாவது, இது தமிழ்ப் பக்கம் என்று சொல்லும் லாங் குறிப்பு.

கோப்புப் பெயர்களை ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். விண்டோஸ் லேப்டாப்பில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. நெட்டில் பக்கத்தை வைத்திருக்கும் லினக்ஸ் சர்வர் பார்க்கும். "என் லேப்டாப்ல படம் வருது, நெட்ல ஏத்தினா வரல" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சிஎஸ்எஸ்: இங்கேதான் அதிக நேரம்

பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் மொழி சிஎஸ்எஸ். ஹோகன் வியம் லீ 1994இல் முன்வைத்து, 1996இல் அது முறையான தரமாக வந்தது. அதிலிருந்து இன்றுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. முழுவதையும் கற்க வேண்டியதில்லை; ஆனால் அவசரப்படாமல் ஐந்தாறு வாரம் கொடுங்கள். நான் சொல்லும் வரிசை இது.

முதலில் பாக்ஸ் மாடல். பக்கத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் ஒரு பெட்டி. உள்ளே பேடிங், ஓரத்தில் பார்டர், வெளியே மார்ஜின். இதைத் தையலோடு ஒப்பிட்டுச் சொன்னால் அக்காவுக்கே புரிந்துவிடும்: உடம்புக்கும் துணிக்கும் நடுவில் விடும் தளர்ச்சி பேடிங், ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் இருக்கும் இடம் மார்ஜின். இது மனதில் உட்காராமல் மேலே போனால், "ஏன் இந்தப் பட்டன் இப்படித் தள்ளிக்கொண்டு நிற்கிறது" என்று ஒவ்வொரு நாளும் திண்டாட வேண்டியிருக்கும்.

அடுத்து ஃப்ளெக்ஸ்பாக்ஸ், அதன்பின் கிரிட். ஒரே வரிசையில் பொருள்களை அடுக்க ஃப்ளெக்ஸ்பாக்ஸ். குறுக்கு வரிசை, நெடுக்கு வரிசை இரண்டும் சேர்ந்த அடுக்குக்கு கிரிட். 2017இல் கிரிட் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வரத் தொடங்கிய பிறகு, முன்பு நாங்கள் சுற்றிச் சுற்றிச் செய்த வேலைகள் இரண்டு வரியில் முடிகின்றன. ஃப்ளோட் வைத்து லேஅவுட் போடச் சொல்லித்தரும் பழைய பாடம் கையில் கிடைத்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

மூன்றாவது, திரை அளவுக்கேற்ற டிசைன். ஈதன் மார்கோட் 2010இல் ரெஸ்பான்சிவ் வெப் டிசைன் என்று இதற்குப் பெயர் வைத்தார். முதலில் 360 பிக்சல் அகலத்துக்கு, அதாவது சாதாரண ஆண்ட்ராய்டு போனுக்குப் பக்கத்தை முடியுங்கள். பிறகு திரை அகலத்தைப் பார்த்து விதியை மாற்றும் மீடியா குவெரி சேர்த்துப் பெரிய திரைக்கு விரியுங்கள். லேப்டாப்பில் அழகாகச் செய்துவிட்டுப் போனுக்குச் சுருக்குவது மிகக் கஷ்டம். அக்காவின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் போனில்தான் பார்க்கப்போகிறார்கள்.

நிறத்தில் கட்டுப்பாடு வையுங்கள்: பின்னணிக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, தொட வேண்டிய பட்டனுக்கு ஒன்று. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் வேறுபாடு இருக்க வேண்டும் என்பது அணுகல்தன்மைக்கான உலகளாவிய வழிகாட்டுதல். பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். டெவலப்பர் டூல்ஸே இந்த எண்ணைக் காட்டும். வெளிர் சாம்பல் எழுத்து உங்கள் திரையில் நாகரிகமாகத் தெரியலாம். மதிய வெயிலில், கீறல் விழுந்த போனில் அதைப் படிக்க முடியாது.

தமிழ் எழுத்து கேட்கும் கவனம்

இந்தப் பகுதி ஆங்கிலப் பாடங்களில் கிடைக்காது. அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

தமிழ் எழுத்துகளுக்கு மேலேயும் கீழேயும் கொம்பு, சுழி, புள்ளி என்று இடம் வேண்டும். ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும் வரி இடைவெளி தமிழில் நெருக்கமாகத் தெரியும். லைன்-ஹைட்டை 1.7 அளவில் வைத்துத் தொடங்கி, கண்ணால் பார்த்து ஏற்றி இறக்குங்கள். "கீ"யின் சுழியும் மேல் வரியின் "ரு"வும் உரசிக்கொள்ளக்கூடாது.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஆங்கில டெம்ப்ளேட்டுகள் பல, மெனுவையும் துணைத்தலைப்பையும் முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டு வேறுபாடு காட்டுகின்றன. அதில் தமிழை ஊற்றினால் வேறுபாடு மறைந்து, எல்லாம் ஒரே மாதிரி தெரியும். சாய்வெழுத்தும் அப்படித்தான், பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனியாகச் செதுக்கிய சாய்வு வடிவம் இல்லை, பிரவுசர் எழுத்தை வலுக்கட்டாயமாகச் சாய்க்கும், பார்க்க நன்றாக இருக்காது. ஆகவே தடிமன், அளவு, நிறம், இடைவெளி ஆகிய நான்கை வைத்துத்தான் நாம் வேறுபாடு காட்ட வேண்டும்.

சொற்களும் நீளம். ஆங்கிலத்தில் நான்கைந்து எழுத்தில் முடியும் பட்டன், தமிழில் "தொடர்புகொள்ளுங்கள்" என்று நீண்டு பெட்டியை விட்டு வெளியே வரும். பட்டனுக்கு நிலையான அகலம் கொடுக்காதீர்கள். பேடிங் கொடுத்து வளரவிடுங்கள். பத்திகளை இரு ஓரமும் சீராக வருமாறு ஜஸ்டிஃபை செய்யவும் வேண்டாம். போன் அகலத்தில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் கொள்ளும். நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். இடப்பக்கச் சீர்தான் நல்லது.

எழுத்துருவுக்குக் கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை, ஹிந்த் மதுரை, கட்டமரான் என்று பல இலவசமாகக் கிடைக்கின்றன. கட்டமரான் என்பது நம்முடைய கட்டுமரம் கடல் கடந்து போய்த் திரும்பிய பெயர். அதைப் பக்கத்தில் சேர்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். ஒரே எழுத்துரு, இரண்டு தடிமன் போதும். கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொன்றும் பக்கம் திறக்கும் நேரத்தைக் கூட்டும்.

இன்னொன்று. விசிட்டிங் கார்டு அடித்த டிடிபி சென்டரிலிருந்து கடை விவரத்தை வாங்கினால், அது பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் இருக்க வாய்ப்பு அதிகம். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது புரியாத ஆங்கிலக் குறிகளாகத் தெரியும், கூகுளில் தேடினாலும் கிடைக்காது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றியில், எல்லாக் கருவியிலும் தெரியும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியபின் ஒருமுறை முழுவதும் படித்துப் பாருங்கள். தமிழ் தட்டச்சு தெரியாவிட்டால் தமிழ்99 விசைப்பலகையை இப்போதே பழகுங்கள். தமிழ்நாட்டில் வெப் டிசைன் செய்பவருக்கு அதுவும் ஒரு தொழில் திறமைதான்.

படங்கள்

போனில் எடுக்கும் ஒரு போட்டோ 4, 5 எம்பி வரும். ஆரி வேலைப் படங்கள் பத்தை அப்படியே போட்டால் பக்கம் திறப்பதற்குள் வாடிக்கையாளர் போய்விடுவார். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து, ஸ்குவூஷில் வெப்பி வடிவத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கிவிடும். கடை வாசலில், காலை வெளிச்சத்தில், வெறும் வெள்ளைத் துணி மேல் பிளவுஸை விரித்து நீங்களே படம் எடுங்கள். நெட்டில் கிடைக்கும் மாடல் படம் வேண்டாம். அது உரிமைப் பிரச்சினை, அக்காவின் வேலையும் அது இல்லை.

இப்போதைக்கு எடுக்க வேண்டாதவை

பக்கத்தின் தோற்றத்தைத் திரையில் வரைந்து பார்க்க ஃபிக்மா நல்ல கருவி, இலவசத் திட்டமும் உண்டு. ஆனால் சிஎஸ்எஸ் ஓரளவு வந்த பிறகு எடுங்கள். அதற்கு முன் எடுத்தால் பிரவுசரில் செய்ய முடியாத, செய்தாலும் போனில் உடையும் ஓவியங்களை வரையப் பழகிவிடுவீர்கள். கம்பெனி வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் மூன்றாவது நான்காவது மாதத்தில் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலான டீம்களில் அதைத்தான் கேட்கிறார்கள்.

பக்கத்தை இயங்கவைக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் இந்தப் பக்கத்துக்குத் தேவையே இல்லை. இரண்டாவது, மூன்றாவது வெப்சைட்டில் மெனு திறந்து மூடும் வேலை, படிவம் சரிபார்க்கும் வேலை வரும்போது தொடங்கலாம். ரியாக்ட், டெயில்விண்ட், பூட்ஸ்ட்ராப் போன்ற, மற்றவர்கள் எழுதிவைத்த கோட் தொகுப்புகள் எல்லாம் அதற்கும் பிறகு. அடிப்படை தெரியாமல் பூட்ஸ்ட்ராப்பில் தொடங்கியவர்கள், ஒரு பெட்டியை இரண்டு பிக்சல் நகர்த்த அரை நாள் போராடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வேர்ட்பிரஸ் கதை வேறு. கோட் தொடாமலே பக்கங்களை ஏற்றி மாற்ற உதவும், 2003இல் வந்த இலவச மென்பொருள். இன்று உலகில் ஏராளமான வெப்சைட்டுகள் அதில்தான் ஓடுகின்றன. வாடிக்கையாளரே வாரம்தோறும் புதுச் செய்தி, புதுப் படம் ஏற்ற வேண்டும் என்றால் அது சரியான தேர்வு. நம் தையல் கடைக்கு விலை வருடத்துக்கு ஒருமுறைதான் மாறும், அங்கே வேர்ட்பிரஸ் போட்டால் அப்டேட்டும் பாதுகாப்பும் பார்க்கும் வேலைதான் மிஞ்சும்.

ஏஐ கருவிகளைப் பற்றிக் கேட்பீர்கள். ஒரே கட்டளையில் முழுப் பக்கத்தையும் எழுதித் தருகின்றன, உண்மைதான். ஆனால் கற்கும் காலத்தில் எழுதித் தரச் சொல்லாமல், விளக்கச் சொல்லுங்கள். "நான் எழுதிய இந்த கிரிட்டில் மூன்றாவது பெட்டி ஏன் கீழே போகிறது?" என்று கேளுங்கள். பதிலை எம்டிஎன்னில் சரிபாருங்கள். ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று சொல்ல முடியாத கோட் எதையும் வாடிக்கையாளர் பக்கத்தில் வைக்காதீர்கள். நாளைக்கு அது உடைந்தால் சரிசெய்ய வேண்டியவர் நீங்கள்தான்.

நெட்டில் ஏற்றுவது

கோப்புகளை நெட்டில் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் கணக்கு ஒன்று திறந்து, மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியில் ஆட், கமிட், புஷ் என்ற மூன்று கட்டளைகளை மட்டும் பழகுங்கள். கிட்ஹப் பேஜஸ் மூலம் கற்கும் காலத்தில் பக்கத்தைக் காசில்லாமல் ஏற்றலாம். முதல் முறை உங்கள் பக்கம் வேறொருவர் போனில் திறக்கும் அந்த நிமிடம் மறக்காது.

ஏற்றியதும் சோதனை. வீட்டிலேயே பழைய, மெதுவான போன் எதுவோ அதில் திறந்து பாருங்கள். டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். மவுஸைத் தொடாமல் டேப் பட்டனை மட்டும் அழுத்தி எல்லா லிங்குக்கும் போக முடிகிறதா என்று பாருங்கள். குரோமிலேயே இருக்கும் லைட்ஹவுஸை ஓடவிட்டால் வேகம், அணுகல்தன்மை இரண்டிலும் என்ன குறை என்று பட்டியல் தரும். இவற்றுக்கெல்லாம் மேலான சோதனை ஒன்று உண்டு: கடைக்கு வரும் ஒருவரிடம் போனைக் கொடுத்து, "லைனிங் பிளவுஸுக்கு எவ்வளவுன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். விரல் எங்கே தடுமாறுகிறதோ அங்கே டிசைனைத் திருத்த வேண்டும். "அங்க கீழ பாருங்க" என்று உதவி செய்துவிடாதீர்கள்.

டொமைன் யார் பெயரில்

இலவச முகவரி வேண்டாம், கடைப் பெயரிலேயே வேண்டும் என்று அக்கா சொன்னால் டொமைன், அதாவது அந்தப் பெயரில் ஓர் இணைய முகவரி, வாங்க வேண்டும். முதல் வருட விலையை மட்டும் பார்க்காதீர்கள். அடுத்த வருடம் புதுப்பிக்க எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். வாங்கும்போது கணக்கு அக்காவின் மின்னஞ்சலில், அக்காவின் போன் நம்பரில் இருக்க வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரருக்கு வெப்சைட் செய்துகொடுத்தவர், டொமைனைத் தன் பெயரில் வாங்கி வைத்திருந்தார். இரண்டு வருடம் கழித்து அவர் நம்பரும் மாறிவிட்டது, ஆளும் கிடைக்கவில்லை. புதுப்பிக்க வழியில்லாமல் பெயர் கைவிட்டுப் போனது. போர்டிலும் பையிலும் அடித்திருந்த முகவரியைக் கடைக்காரர் ஒவ்வொன்றாக ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தார்.

அதனால் வேலை முடிந்த அன்று அக்காவின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், டொமைன் எங்கே வாங்கியது, எந்த மின்னஞ்சல், எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும், விலை மாறினால் எந்தக் கோப்பில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். பாஸ்வேர்டை அவரையே மாற்றி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூலியை அதன் பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதல் வேலைக்கு ஒரு பிளவுஸ் தையல் கூலி குறைத்துக்கொண்டாலும் சரிதான், ஆனால் சும்மா செய்துகொடுக்காதீர்கள்.